பங்குனித் திங்களும் ஒரு பேணி வடகமும்

வசந்தம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில்தான் நான் முதலில் கண்டேன். பல்கலைக்கழகத்தில் கலைமாணி வகுப்பில் இருந்த காலத்தில், பனி உருகி ஓடுவதையும் மொட்டைக் கிளைகளில் தளிர் அரும்புவதையும் பாடிய மேலைநாட்டுக் கவிதைகளைப் படித்துப் பரீட்சையும் எழுதினோம். யன்னலுக்கு வெளியே யாழ்ப்பாணத்து வெயில் எரித்துக்கொண்டிருந்தது. நமக்கு இப்படி ஒரு பருவம் உண்டா என்று அன்று எவரும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் இலக்கண நூலார் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் குடாநாட்டு வேப்பமரம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பங்குனி பிறக்கும்போதே அது பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்த்து நிற்கும். மாதம் முடிவதற்குள் வெள்ளைப் பூக்கள் முற்றத்தில் பாயாக விரிந்துவிடும். தைமாசியில் நெல் அறுத்த வயல்களில் அரிதாள் மட்டும் நிற்கும். வாடைக்காற்று ஓய்ந்திருக்கும். சோளகம் இன்னும் எழுந்திராது. ஆறில்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்துக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே பெரும் வரவு. அந்த நீர் பாறைக்குள் இறங்கித் தேங்கியிருப்பதை நம்பித்தான் கிணறுகள் இருக்கின்றன. பங்குனியில் கிணற்றுப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியத் தொடங்கும்.

ஆகவே நமது வசந்தம் குளிருக்குப் பின் வருகின்ற ஆறுதல் அன்று. கோடைக்கு முன் வருகின்ற ஆயத்தம். வரப்போகும் வெம்மை எவ்வளவு என்பதை நன்கு அறிந்துகொண்டே மரம் பூக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் யாழ்ப்பாணத்தவர் பங்குனித் திங்களை ஏன் இவ்வளவு பற்றோடு கொண்டாடுகிறார்கள் என்பது விளங்கும்.

பங்குனி மாதத்துத் திங்கட்கிழமைகள் நான்கு. சில ஆண்டுகளில் ஐந்து. அந்த நாள்களில் குடாநாட்டின் வீதிகள் பல தென்மராட்சியை நோக்கித் திரும்பும். சாவகச்சேரிக்கு வடக்கே மட்டுவிலில் பன்றித்தலைச்சி கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் பின்னர் சைக்கிளிலும் பேருந்திலும் வந்தார்கள். கேணியில் நீராடி, ஈரச் சேலையோடு மூன்று கல் வைத்துப் பானையேற்றிப் பொங்குவார்கள். பொங்கலுக்குக் கறி கத்தரிக்காய். மட்டுவில் கத்தரிக்காயின் சுவை குடாநாடெங்கும் பேர்பெற்றது. ஒரே வெளியில் நூற்றுக்கணக்கான அடுப்புகள் புகைய, சாதியும் ஊரும் தெரியாதவர்கள் அருகருகே இருந்து அகப்பை பிடிக்கும் காட்சியைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். புகையில் கண் எரிந்து அழுததும் நினைவிருக்கிறது.

கண்ணகி இந்த மண்ணுக்கு எப்படி வந்தாள் என்பது நீண்ட கதை. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது அங்கே கடல் சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட முதலாம் கஜபாகுவே இவன் என்று கொண்டு, பழந்தமிழ் இலக்கியத்தின் காலத்தையே சிலர் கணித்தார்கள். மகாவம்சம் கஜபாகுவைப் பேசுகிறது. ஆனால் கண்ணகியைப் பேசவில்லை. பிற்காலச் சிங்கள நூலாகிய ராஜாவலியவே அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்த கதையைச் சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதுபற்றி இன்னும் வழக்காடலாம். ஆனால் மறுக்க முடியாத உண்மை ஒன்று உண்டு. தமிழருக்குக் கண்ணகை அம்மனாகவும் சிங்களவருக்குப் பத்தினித் தெய்யோவாகவும் ஒரே பெண்ணே இந்தத் தீவில் வணங்கப்படுகிறாள். மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1984இல் ஒரு பெருநூலே எழுதினார்.

மதுரை எரிந்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை என்று சிலப்பதிகாரமே நாள் குறிக்கிறது. நமது மக்களோ அவளை வணங்க அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பங்குனித் திங்கள். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல். மட்டக்களப்பில் வைகாசியில் குளிர்த்தி. குளிர்த்தி என்ற சொல்லே இவ்வழிபாட்டின் சாரத்தைச் சொல்லிவிடுகிறது. நீதி கேட்டு எரிந்த ஒருத்தியின் நெஞ்சை நீரும் வேப்பிலையும் பொங்கலும் இட்டுக் குளிர்விப்பது அது. எரித்த நாளை நினைவுகூராமல் எரிவைத் தணிக்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்த மூதாதையரின் மனத்தை நான் பல தடவை வியந்திருக்கிறேன்.

பன்றித்தலைச்சி என்ற பெயருக்கு ஊரில் ஒரு செவிவழிக் கதை உண்டு. பலர் பலவிதமாகச் சொல்வார்கள், சாரம் ஒன்றே. ஒருவன் பிறர் மாட்டைக் கொன்று சமைத்துவிட்டான். மாட்டுக்கு உரியவர்கள் தேடி வந்தார்கள். அவன் நடுங்கி அம்மனை நினைந்து அழுதான். பானையைத் திறந்து பார்த்தபோது அதற்குள் இருந்தது பன்றித்தலை. கல்விமான்கள் இக்கதையைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். குற்றவாளியைக் காப்பாற்றிய தெய்வமா என்று கேட்பார்கள். அநியாயமாகக் கள்வன் என்று சொல்லப்பட்டுக் கணவனை இழந்த ஒருத்தி, மெய்யாகவே களவு செய்தவன் ஒருவன் உயிருக்கு அஞ்சி நின்றபோது அவன் தலையைக் காத்தாள் என்று நமது கிராமத்தான் நினைத்தானே, அந்த நினைப்பின் ஆழத்தைத்தான் நான் பார்க்கிறேன்.

முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர் பெருங்கோயில்கள் இடிக்கப்பட்டன, நல்லூரும் தப்பவில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் கட்டுப்பாடுகள் நீடித்தன. பிரித்தானியர் காலத்தில் ஆறுமுக நாவலர் (1822-1879) சைவத்தை மறுபடி நிமிர்த்த உழைத்தபோது, ஆகமத்துக்கு உட்பட்ட வழிபாடே அவரது அளவுகோலாக இருந்தது. கண்ணகி வழிபாட்டை அவர் ஏற்கவில்லை. காலப்போக்கில் கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்ற பெயர்களைப் பெற்றன. மட்டுவிலும் கல்விக்குக் குறைந்த ஊரன்று. உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளையும் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் அவ்வூர் தந்த பெருமக்கள். இருந்தும் அங்கே பன்றித்தலைச்சி என்ற பழம்பெயர் இன்றுவரை பொதுமக்கள் வாயில் நிலைத்திருக்கிறது. பெயரை மாற்றுவது பண்டிதர் கையில் இருக்கலாம். அழைப்பது சனங்களின் வாயில் இருக்கிறது.

இந்தப் பருவத்துக்கும் அம்மனுக்கும் உள்ள தொடர்பில் அச்சமும் கலந்திருந்தது. வெயில் ஏற ஏற அம்மை வரும். யாழ்ப்பாணத்தில் அதை 'அம்மாள் வருத்தம்' என்றே சொல்வார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். நோயாளியை வேப்பிலை பரப்பிய பாயில் கிடத்துவார்கள். இலங்கையில் அம்மைப்பால் குத்தும் வழக்கம் 1802இல் தொடங்கியது. 1980இல் உலக சுகாதார அமைப்பு பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. நோய் போய்விட்டது, வேப்பிலை போகவில்லை. அச்சத்தில் பிறந்த வழக்கம் ஒன்று, அச்சம் நீங்கிய பின்னும் நன்றியாகத் தங்கிவிட்டது.

இனி என் தாயாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 யூனில் மறுபடி போர் மூண்டபோது ஒரு பையோடு வெளியேறினோம். சில நாள்களில் திரும்பலாம் என்பது எண்ணம். சுன்னாகத்தில் உறவினர் வளவில் ஒரு கொட்டிலில் இருந்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு ஒலிபெருக்கி அறிவித்தலோடு வலிகாமமே எழுந்து நடந்தது. மழை. செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி இலட்சக்கணக்கானோர் அடியடியாக நகர்ந்தார்கள். நான் அப்போது பத்திரிகைத் தொழிலில் இளையவன். அந்த இரவை எழுதவேண்டும் என்று நினைத்தேனே தவிர, அம்மாவின் கைப்பிடியிலிருந்து என் கையை எடுக்க முடியவில்லை. மட்டுவிலுக்கு அருகே ஒரு வளவில் மாமரத்தின் கீழ் தறப்பாள் கட்டினோம்.

1996 பங்குனி வந்தது. அந்த வளவின் வேலியோரம் நின்ற வேம்பு பூத்தது. ஒரு காலையில் அம்மா சேலையை விரித்துப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கோ தேடி ஒரு சுண்டு உழுந்து வாங்கிவந்து ஊறவைத்திருந்தார். உழுந்தை அரைத்து, வேப்பம்பூவும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் பெருஞ்சீரகமும் சேர்த்துத் தட்டி வெயிலில் காயவைக்கும் வடகத்தை யாழ்ப்பாணத்தவர் அறிவர். பல நாள் காயவேண்டும். காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சோறு இல்லை. அடுத்த கிழமை எங்கே இருப்போம் என்றும் தெரியவில்லை.

"ஆர் அம்மா இதைத் தின்னப்போகினம்? எப்ப?" என்றேன்.

"ஆடி மாசம் தின்னலாம் மோனை," என்றார். "இப்ப பூ விழுகுது. இப்ப பொறுக்காட்டில் பேந்து எங்கை பொறுக்கிறது?"

அந்தப் பங்குனித் திங்களில் கோயில் வெளியில் ஊர்க்காரரைவிட இடம்பெயர்ந்தவர்களே மிகுதி என்று எனக்குத் தோன்றியது. அம்மா தேங்காய் ஒன்று உடைத்தார். பொங்கவில்லை. எங்கள் வளவுக்குத் திரும்பிப்போய் அங்கே ஓர் இரவு படுத்தெழும்பிய பிறகே பொங்குவதாக நேர்ந்துகொண்டார். புத்தாண்டு கழிந்து ஐந்து நாள்கள் ஆயின. ஏப்ரல் 19ஆம் திகதி இராணுவம் தென்மராட்சிக்குள் நகரத் தொடங்கியது. மக்களில் ஒரு பகுதி கிளாலி கடந்து வன்னிக்குப் போனது. பெரும்பகுதி வலிகாமத்துக்குத் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். அம்மாவின் மடியில் ஒரு பிஸ்கற் பேணி இருந்தது. அதற்குள் வடகம். அவர் சொன்னபடியே ஆடியில் சுன்னாகத்தில் அதைப் பொரித்துத் தின்றோம். கைப்பாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு சுவையான உணவை நான் பிறகு உண்டதில்லை.

திரும்பினோம் என்றேன், ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் கிராமம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அம்மா மட்டுவிலுக்குப் போவார், தேங்காய் உடைப்பார், பொங்காமல் வருவார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. தொடர்ந்த மாதங்களில் போர் தென்மராட்சிக்குள் வந்தது. எங்களுக்கு இடம் தந்த மக்களே இப்போது இடம்பெயர்ந்து வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் வந்தார்கள். சாவகச்சேரி நகரம் கற்குவியலாயிற்று.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஏப்ரல் 8ஆம் திகதி ஏ-9 வீதி பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நாள்காட்டியைப் பாருங்கள்: அன்று திங்கட்கிழமை, அவ்வாண்டுப் பங்குனியின் கடைசித் திங்கள். செய்தி சேகரிக்க முகமாலைப் பக்கம் போயிருந்த நான் மாலையில் செம்புழுதியோடு வீடு திரும்பினேன். அம்மா யாரோ தந்த பொங்கலை வாழையிலைத் துண்டில் சுற்றி எனக்காக வைத்திருந்தார். பாதை திறந்துவிட்டதே, இனியாவது நேர்த்தியைத் தீர்க்கலாமே என்றேன்.

"பாதை திறந்தது சரி. வீடு வரட்டும்," என்றார்.

அந்த முதிய பெண்ணுக்கு இருந்த நிதானம் அன்று செய்தி எழுதிய எனக்கு இருக்கவில்லை. என் கட்டுரை வசந்தம் வந்துவிட்டது என்று முழங்கியது. 2006 ஓகஸ்ற் 11ஆம் திகதி அதே பாதை மூடப்பட்டது. அதன் பின் 2009 மே வரை நடந்தவற்றை உலகெங்கும் உள்ள தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அம்மா 2011இல் காலமானார். நேர்த்தி அப்படியே நின்றது.

2016இன் பிற்பகுதியில் விடுவிக்கப்பட்ட காணிகளுள் எங்கள் வளவும் ஒன்று. 26 ஆண்டுகளுக்குப் பின் உள்ளே போனேன். கூரை இல்லை, கதவு நிலை இல்லை. சுவர்களில் பாதி இருந்தது. கிணறு தூர்ந்து கிடந்தது. முற்றத்து வேம்பு மட்டும், குழை ஒடிக்க ஆளில்லாததால், நான் அறிந்திராத உயரத்தில் நின்றது. மார்கழியும் தையும் கிணறு இறைப்பதிலும் பற்றை வெட்டுவதிலும் கழிந்தன. 2017 பங்குனியில், கூரை போட்டிருந்த ஒற்றை அறையில் நானும் மனைவியும் ஓர் இரவு படுத்தெழும்பினோம். காலையில் படியெல்லாம் வேப்பம்பூ.

அடுத்த திங்கட்கிழமை மட்டுவிலில் அம்மாவின் பெயரால் பொங்கினோம். புகை அதே புகை. கண் எரிந்தது அதனாலா என்று எவரும் கேட்கவில்லை.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது என் மனம் கிளிநொச்சிக்குப் போயிற்று. அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் திகதி முதல் அங்கே வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரம் குந்தியிருந்து போராடிக்கொண்டிருந்தார்கள். கையில் பிள்ளைகளின் படங்கள். அவர்கள் இழந்தது காணியன்று, விடுவித்துத் தருவதற்கு. விடை காணாமலே கண்மூடிய பெற்றோர் பின்வந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர். ஒரு பொருளைக் கையில் ஏந்தி, அரசனிடம் போய், என் ஆளுக்கு என்ன நடந்தது என்று கேட்ட ஒருத்தியைத்தானே நாங்கள் பொங்கிக் குளிர்விக்கிறோம்? சிலம்பு ஏந்தியவளுக்குக் கோயிலும் படம் ஏந்தியவளுக்கு வீதியோரமும் என்றால், நமது குளிர்த்தி யாரைக் குளிர்விக்கிறது?

நம்பிக்கை என்பதை நான் நீண்டகாலம் பிழையாக விளங்கியிருந்தேன். நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதே நம்பிக்கை என்று எண்ணினேன். பத்திரிகைக்காரன் அவ்வாறு எதிர்பார்த்து ஏமாறுவதே வழக்கம். 2002இல் நானும் ஏமாந்தேன். அம்மா எதிர்பார்க்கவில்லை. ஊர் விடுபடும் என்று ஒரு நாளாவது அவர் எனக்கு உறுதி சொன்னதில்லை. பூ விழுந்தபோது பொறுக்கினார். வீடு வராதபோது பொங்க மறுத்தார். கிடைத்ததைக் கிடைத்தது என்றும் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றும் கணக்கு வைத்திருந்தார். கண்ணகையின் அடியாருக்கு அந்தக் கணக்குத் தெரியும். மறந்துவிடுவதால் வருகின்ற புத்துயிர்ப்பு அவர்களுக்கு வேண்டாம்.

வலிகாமம் வடக்கில் இன்றும் எல்லாக் காணிகளும் விடுபட்டுவிடவில்லை. எங்கள் வளவிலிருந்து சற்றுத் தூரத்தில் வேலி தொடங்குகிறது. அந்த வேலிக்கு அப்பாலும் வேம்புகள் பூக்கின்றன. பொறுக்க உரியவர்கள் இப்பால் நிற்கிறார்கள்.

கனடாவில் இருக்கும் என் தங்கை பங்குனி பிறந்தால் தொலைபேசியில் கேட்பது ஒன்றையே. அங்கே அப்போது வாசலில் பனி இன்னும் இறுகிக் கிடக்கும். "அண்ணை, எங்கடை வேம்பு பூத்திட்டுதோ?" என்பாள். பூத்துவிட்டது என்பேன். மனைவி உழுந்து ஊறவைக்கிறாள். வடகம் காய்ந்ததும் ஒரு பேணியில் அடைத்துத் தபாலில் அனுப்புவோம். அவள் அதை ஆடியில்தான் திறப்பாள்.